கைப்பேசியில் எழுத்துக் கற்றவர்கள் படிவம் ஒன்றில்: கூலிம் பிள்ளைகளின் இரு மொழிக் கணக்கு

கூலிம் – கடந்த ஜனவரி 11ஆம் தேதி கெடாவில் 2026ஆம் ஆண்டுக்கான பள்ளித் தவணை தொடங்கியது. அன்று இடைநிலைப்பள்ளிச் சீருடையில் படிவம் ஒன்றுக்குள் நுழைந்த பிள்ளைகளை நம் சமூகம் கொஞ்சம் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு முடித்து வந்திருக்கும் இவர்கள் முதலாம் ஆண்டில் காலடி வைத்தது 2020 ஜனவரியில். பத்து வாரம் பள்ளிக்குப் போனார்கள். அதன்பின் மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது; பள்ளிக் கதவுகள் மூடின.

ஓர் ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைக்கு முதலாம் ஆண்டு என்பது எழுத்தின் ஆண்டு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அது இரட்டிப்பு வேலை. ஒரு கையில் உயிரெழுத்து, மெய்யெழுத்து, உயிர்மெய் என்று விரியும் தமிழ் நெடுங்கணக்கு. மறு கையில் மலாயையும் ஆங்கிலத்தையும் எழுத ரூமி எழுத்துகள். இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்கியவர்கள், இரண்டையும் ஒரே சமயத்தில் பாதியில் விட்டார்கள்.

அவர்கள் வகுப்பறையில் இருந்த நாள்களை எண்ணிப் பார்த்தால் நிலைமை விளங்கும். முதலாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரையிலான மாணவர்கள் 2020 ஜூலை 22இல் பள்ளிக்குத் திரும்பினர். நவம்பர் 9இல் நாடு முழுவதும் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. 2021 மார்ச் தொடக்கத்தில், இரண்டாம் ஆண்டு மாணவர்களாக, மறுபடியும் வகுப்பறைக்கு வந்தனர். மே மாதத்தில் மூன்றாவது முறையாக வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அக்டோபர் 3க்குப் பிறகுதான் கட்டங்கட்டமாக, பல இடங்களில் வகுப்பைப் பாதியாகப் பிரித்துச் சுழற்சி முறையில், பள்ளி திறந்தது. முதல் மூடலுக்கும் இந்தத் திறப்புக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 18 மாதங்களில் இவர்கள் ஆசிரியரை நேரில் பார்த்தது சுமார் ஆறு மாதம் மட்டுமே.

அந்த இழப்பு இரு மொழிகளையும் ஒரே மாதிரி பாதிக்கவில்லை. எந்த மொழி எங்கிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டிருந்தது என்பதைப் பொறுத்து அது மாறுபட்டது. கூலிம் வட்டாரத்தின் அமைப்பைப் பார்த்தால் இதைப் புரிந்துகொள்ளலாம்.

தோட்டமும் தொழிற்பேட்டையும்

கூலிமும் அதைச் சுற்றியுள்ள பாடாங் செராய், லூனாஸ் பகுதிகளும் ரப்பரில் எழுந்த ஊர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. ஆனால் பாடாங் செராயின் லாடாங் ஹென்றியேட்டா, லாடாங் விக்டோரியா போன்ற தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் தோட்டம் இன்னும் இருக்கிறது. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா வந்த பிறகு, பால் மரம் வெட்டிய கைகளின் அடுத்த தலைமுறை கணினிச் சில்லுத் தொழிற்சாலைகளின் வேலை முறையில் கலந்தது. 2024இல் மட்டும் ஏ.டி. அண்ட் எஸ்., இன்ஃபினியோன் ஆகிய இரண்டு ஐரோப்பிய நிறுவனங்கள் இங்கே புதிய ஆலைகளைத் திறந்தன.

பெருந்தொற்றுக் காலத்தில் இதன் பொருள் என்ன? அலுவலக வேலையில் இருந்த பெற்றோர் பலர் மடிக்கணினியோடு வீட்டில் இருந்தார்கள். தொழிற்சாலை வேலையை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. 2021 ஜூன் மாத முழு முடக்கத்தின்போதுகூட மின்னணுத் துறைக்குக் குறைந்த பணியாளர்களுடன் இயங்க அனுமதி இருந்தது. தோட்ட வேலையும் அப்படித்தான். அப்பா ஷிப்டுக்குப் போனால் வீட்டில் இருக்கும் ஒரே விவேகக் கைப்பேசியும் அவர் சட்டைப் பையில் போய்விடும். ஆசிரியர் காலை ஒன்பது மணிக்குப் புலனக் குழுவில் அனுப்பிய பாடத்தைப் பிள்ளை இரவு ஒன்பது மணிக்குப் பார்க்கும். அதுவும் தூக்கக் கலக்கத்தில்.

கல்வியமைச்சு 2020இல் 670,118 பெற்றோரிடம், அவர்களின் 893,331 பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. அதில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. சொந்தமாகக் கணினி வைத்திருந்தோர் 6 விழுக்காடு மட்டுமே. இல்லிருப்புக் கற்றல் என்று பெயர் வைத்தோம்; பலருக்கு இல்லிருப்பு இருந்தது, கற்றல் இல்லை. பயிற்சித்தாள்களை அச்சடித்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த ஆசிரியர்கள் நாடெங்கும் இருந்தார்கள். அவர்கள் இல்லாதிருந்தால் கணக்கு இன்னும் மோசமாகியிருக்கும்.

கூலிமுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பக்கத்திலேயே இருக்கும் பினாங்கில் சனியும் ஞாயிறும். செபராங் பிறைக்கு வேலைக்குப் போகும் பெற்றோருக்கும், கூலிமில் படிக்கும் பிள்ளைகளுக்கும் வாரத்தில் பொதுவான ஓய்வு நாள் ஒன்றுதான்: சனிக்கிழமை. ஷிப்டு வேலை என்றால் அதுவும் உறுதியில்லை. வீட்டில் மொழி வளர்க்க வேண்டும் என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த நாள்காட்டியையும் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

வீட்டில் இருந்தது எந்தத் தமிழ்?

"வீட்டுல தமிழ்தானே பேசுறோம், தமிழ் எங்க போயிடும்? மலாய்க்கு டியூஷன் வச்சாப் போதும்" என்பது நம் பெற்றோரிடையே சாதாரணமாகப் புழங்கும் பேச்சு. பாதி உண்மை.

கூலிம் வட்டாரத்தில் தமிழ் இன்னும் வீட்டு மொழி. பிள்ளை சாப்பாடு கேட்பதும் சண்டை போடுவதும் தமிழில்தான். ஆனால் 'வந்துட்டான்' என்று பேசும் பிள்ளை 'வந்துவிட்டான்' என்று படிக்கவும் எழுதவும் வேண்டும். பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் உள்ள மொழியில், அந்தத் தூரத்தைக் கடக்க வைப்பது பள்ளி. லகர, ளகர, ழகர வேறுபாடும் ஒற்று மிகும் இடமும் சாப்பாட்டு மேசையில் வருவதில்லை. பள்ளி மூடியபோது பேச்சுத் தமிழ் வீட்டில் பத்திரமாக இருந்தது. எழுத்துத் தமிழ் நின்றது.

மலாயின் கதை வேறு. தோட்டப்புறத்தில் இருந்தோ, இந்தியர் அதிகம் வாழும் தாமானில் இருந்தோ வரும் பிள்ளைக்கு, முழு வாக்கியமாக, தொடர்ச்சியாக மலாய் கிடைக்கும் முதல் இடம் வகுப்பறைதான். மலாய் ஆசிரியர், திடலில் சந்திக்கும் அண்டை வீட்டுப் பிள்ளை, சந்தையில் கேட்கும் பேச்சு ஆகிய மூன்றுமே கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒன்றாக அடைபட்டன. ஆக, இந்தப் பிள்ளைகளுக்கு மலாயில் பேச்சும் எழுத்தும் நின்றன. தமிழில் எழுத்து நின்றது. அந்த இடத்தை நிரப்பியது கைப்பேசித் திரையில் ஓடிய காணொலி. அதில் ஆங்கிலம் இருந்தது, தமிழ்ப்படத் தமிழ் இருந்தது. பதில் சொல்லக் காத்திருக்கும் மனிதர் இல்லை.

ஆகவே, 'மலாயில் பின்தங்கிவிட்டான்' என்று சொல்லப்படும் பல பிள்ளைகள் உண்மையில் வாசிப்பில் பின்தங்கியவர்கள். அது முதலில் மலாயில் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

தேர்வு போனது, அடையாளமும் போனது

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 2020இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நடத்தப்படவில்லை. 2021 ஏப்ரல் இறுதியில் அத்தேர்வு முற்றாக அகற்றப்படுவதாகக் கல்வியமைச்சு அறிவித்தது. பத்து வயது, பன்னிரண்டு வயதில் 'ஏ' எண்ணும் பழக்கம் ஒழிந்தது நல்லதே என்று வரவேற்றவர்கள் பலர். அதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் தோட்டப்புறப் பெற்றோருக்கு அந்தத் தேர்வு வேறொரு வேலையும் செய்தது. பிள்ளை எந்தத் தாளில் தடுமாறுகிறது என்பதை, பள்ளிக்கு வெளியே இருந்து, எல்லாருக்கும் ஒரே அளவுகோலில் காட்டியது. தமிழ்க் கருத்துணர்தல் வேறு, தமிழ்க் கட்டுரை வேறு, மலாயிலும் அவ்வாறே. இப்போது பள்ளிசார் மதிப்பீட்டு அறிக்கையில் அடைவுநிலை என்று ஓர் எண் வருகிறது. அதைப் படித்துப் பொருள் சொல்லும் பெற்றோர் எத்தனை பேர்? பலருக்குப் பிரச்சினை தெரிவதே படிவம் ஒன்றில்தான்.

மலாயில் போதிய அடைவு இல்லாத தமிழ், சீனப் பள்ளி மாணவர்கள் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போகாமல் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு கூடுதலாகப் படிப்பது பழைய நடைமுறை. அந்த ஆண்டை நம் சமூகம் தண்டனையாகவே பார்த்து வந்திருக்கிறது. வகுப்பில் சேர்ந்த பிள்ளையும் தன்னைத் தோற்றவனாகவே நினைத்துக்கொள்கிறான். அப்படிச் சோர்ந்து படிப்பைக் கைவிட்டவர்களைப் பற்றிப் பல காலமாகவே நம்மிடையே கவலை உண்டு. புகுமுக வகுப்பைத் தவிர்த்து நேராகப் போனவர்களும் தப்பித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அவர்கள் சந்திப்பது வேறு சுவர்.

ஆறு ஆண்டு கணிதத்தைத் தமிழில் படித்த பிள்ளைக்குப் பின்னம் தெரியும். படிவம் ஒன்றில் அது 'பெச்சாஹான்'. தசமம் 'பெர்புலுஹான்' ஆகிறது. விழுக்காடு 'பெராத்துஸ்' ஆகிறது. செவ்வகம் 'செகி எம்பாட் தெப்பாட்' ஆகிறது. அரையும் கால்பங்கும் முக்காலும் மனத்தில் தெளிவாக இருக்கும் பிள்ளை ஒரு மாதத்தில் பெயரை மாற்றிக்கொள்ளும். கருத்தே பாதியாக இருக்கும் பிள்ளைக்குப் புதுப் பெயர் ஒட்டுவதற்கு இடமில்லை. இரண்டாம் ஆண்டில் கைப்பேசி வழி பின்னம் படித்தவர்கள் எந்த வகை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இது தமிழ்ப்பள்ளிக்கு மட்டும் உரிய நோய் அல்ல. 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் அனைத்துலக பிசா மதிப்பீட்டில், வாசிப்பில் மலேசியா 2018இல் பெற்ற சராசரிப் புள்ளி 415, 2022இல் 388. கணிதத்தில் 440 என்பது 409 ஆனது. மலேசிய மாணவர்களில் 42 விழுக்காட்டினர் ஐந்தாம் ஆண்டு முடிவில் எதிர்பார்க்கப்படும் வாசிப்புத் திறனை எட்டவில்லை என்று உலக வங்கி 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. நாடு முழுவதும் அடிபட்ட இடத்தில், இரண்டு எழுத்து முறைகளைச் சுமந்தவர்களுக்கு இரண்டு அடி.

அவசர முடிவுகள் இரண்டு

இந்த நிலையில் பெற்றோர் எடுக்கும் முடிவுகளில் இரண்டு கவலை தருகின்றன.

முதலாவது, 'தமிழ்தான் பாரம். அதை இறக்கி வைத்தால் பிள்ளை மலாயிலும் ஆங்கிலத்திலும் ஓடிவிடும்' என்பது. இளைய பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பாமல் விடுவது, வீட்டில் தெரிந்த அரைகுறை மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசத் தொடங்குவது ஆகியவை இதன் விளைவு. தேசியப் பள்ளிக்கு அனுப்புவது பெற்றோரின் உரிமை. அதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். ஆனால் தமிழ் தெரிந்ததால்தான் மலாய் வரவில்லை என்ற காரணம் நிற்காது.

கனடாவைச் சேர்ந்த கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1970களின் இறுதியிலேயே இதைப் பற்றி எழுதினார். ஒரு மொழியில் ஆழமாக வாசிக்கக் கற்ற பிள்ளை, அடுத்த மொழியில் வாசிப்பை முதலில் இருந்து தொடங்குவதில்லை என்பது அவர் கருத்தின் சாரம். முதல் பத்தியில் இருந்து கருத்தைப் பிடிப்பது, தெரியாத சொல்லுக்குச் சூழலைக் கொண்டு பொருள் ஊகிப்பது, காரணத்தையும் விளைவையும் பிரிப்பது ஆகியவை மொழி மாறினாலும் கூடவே வரும். ஆனால் இரண்டாம் மொழியைப் போதிய அளவு கேட்கவும் பேசவும் வாய்ப்பிருக்க வேண்டும் என்பதும் அதே கருத்தின் மறுபாதி. தமிழைப் பிடுங்கினால் அடித்தளம் போகும்; மலாயைக் கொடுக்காவிட்டால் மேல்தளம் வராது.

இரண்டாவது அவசர முடிவு இதற்கு நேர்மாறானது: தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிவிட்டோம், தமிழைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கழுவுவது. சிங்கப்பூரை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அங்கே தமிழ் அதிகாரத்துவ மொழி. பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தொடக்கத்திலிருந்தே கற்பிக்கப்படுகிறது. அப்படியிருந்தும், வீட்டில் தமிழையே அதிகம் பேசும் இந்தியர்களின் விழுக்காடு 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 36.7ஆக இருந்தது, 2020இல் 27.9ஆகக் குறைந்தது. அங்கே பள்ளி இருக்கிறது, வீடு நழுவுகிறது. கூலிமில் வீடு இருக்கிறது, வாசிப்பு நழுவுகிறது. இரண்டில் ஒன்று மட்டும் மொழியைத் தாங்காது என்பதற்கு இரு ஊர்களும் சாட்சி.

இது முதல் இடையூறும் அல்ல

கெடாத் தமிழ்ப் பிள்ளைகளின் படிப்பு உலகப்போரிலும் அறுந்திருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாப் பள்ளிகளில் ஜப்பானிய மொழி புகுத்தப்பட்டது. தோட்டங்களில் இருந்து தகப்பன்மார் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். 1943 அக்டோபரில் கெடாவே சயாமின் நிர்வாகத்துக்குக் கைமாறி, போர் முடியும் வரை அங்கேயே இருந்தது. மூன்றரை ஆண்டில் ஆட்சி மொழி எத்தனை முறை மாறியது என்று ஒரு தோட்டப் பள்ளிப் பிள்ளையின் இடத்தில் இருந்து எண்ணிப் பாருங்கள்.

அமைதிக் காலத்திலும் மாற்றங்கள் ஓயவில்லை. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009இல் அந்தக் கொள்கை கைவிடப்படும் என்று அறிவிப்பு வந்தது. 2016இல் டி.எல்.பி. எனும் இருமொழித் திட்டம் வந்தது. அது தமிழ்ப்பள்ளிக்கு வேண்டுமா வேண்டாமா என்று சமூகமே இரண்டுபட்டது. ஒவ்வொரு முறையும் விவாதம் எந்த மொழி என்பதிலேயே நின்றது. பிள்ளை எந்த மொழியிலாவது ஒரு பக்கத்தைத் தடையில்லாமல் படித்துப் பொருள் சொல்கிறதா என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. இப்போது அந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்கிறது.

செய்யக்கூடியவை

முதல் வேலை, குறையைக் கண்டறிவது. அதற்குத் தேர்வு மண்டபம் வேண்டாம். நான்காம் ஆண்டுத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பக்கம், நான்காம் ஆண்டு மலாய்ப் பாடநூலில் ஒரு பக்கம். பிள்ளை உரக்கப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, தன் சொல்லில் கதையைச் சொல்லட்டும். இரண்டிலும் தடுமாறினால் பிரச்சினை வாசிப்பு. தமிழில் சரளமாக இருந்து மலாயில் மட்டும் தடுமாறினால் பிரச்சினை மலாய்ப் பழக்கம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. மலாய் டியூஷன் இரண்டாவதற்கு உதவும், முதலாவதற்கு உதவாது.

இரண்டாவது, சொல் பாலம். கணிதம், அறிவியல் ஆகிய இரு பாடங்களுக்கும் தமிழ், மலாய்ச் சொற்களை எதிரெதிரே எழுதிய ஒரு சிறு குறிப்பேடு ஆறாம் ஆண்டின் கடைசி மாதங்களிலேயே பிள்ளையின் கையில் இருக்கலாம். இதைத் தயாரிக்கப் பெரிய நிதி தேவையில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் இடைநிலைப்பள்ளி ஆசிரியரும் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும். ஒரே வட்டாரத்தில் இருந்தும் இவ்விரு தரப்பினரும் சந்திக்க ஏற்பாடே இல்லாததுதான் குறை. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கூட்டக்கூடிய கூட்டம் இது.

மூன்றாவது, இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பைக் கைவிடாமல் இருப்பது. தேசியப் பள்ளிகளிலும் இடைநிலைப்பள்ளிகளிலும் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த 1996 கல்விச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கேட்க வேண்டியது பெற்றோர். வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பிறகு வைக்கப்பட்டால், பேருந்தை நம்பியிருக்கும் பிள்ளை தமிழை விட்டுவிடுகிறது. பள்ளி நேரத்துக்குள் வைக்கும்படி தலைமையாசிரியரிடம் கேட்பதும் பெற்றோரின் வேலையே.

நான்காவது, அந்தச் சனிக்கிழமை. அரை மணி நேரம் போதும். பாட்டி தோட்டத்துக் கதை சொல்லட்டும். பேரப்பிள்ளை அதைத் தமிழில் பத்து வரி எழுதட்டும். அண்ணனோ அக்காவோ அதையே மலாயில் ஐந்து வரியாகச் சொல்லச் சொல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதில் ஆசிரியர்தான். அப்பா ஷிப்டில் இருந்தால் பிள்ளை படித்ததைக் குரல் பதிவாகப் புலனத்தில் அனுப்பலாம். 2020இல் பாடத்தைத் தாமதமாகக் கொண்டுவந்த அதே கைப்பேசி இப்போது இந்த வேலைக்குப் பயன்படட்டும்.

நிர்வாகத்தின் பங்கும் இருக்கிறது. நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் அதிகமானவை 150 மாணவர்களுக்கும் குறைந்தவை. அத்தகைய பள்ளிகளில் ஒரு மலாய் ஆசிரியர் மாற்றலாகிப் போனால் பல வகுப்புகளின் மலாய் ஒரே நாளில் தடுமாறும். அந்த இடத்தைத் தாமதமின்றி நிரப்புவதும், புகுமுக வகுப்பை மொழி உறுதிப்படுத்தும் ஆண்டாக நல்ல ஆசிரியர்களோடு நடத்துவதும் பெற்றோரால் செய்ய முடியாதவை. அவற்றைக் கல்வி இலாகாதான் செய்ய வேண்டும்.

இந்த ஆண்டு படிவம் ஒன்றில் இருக்கும் பிள்ளைகள் 2030இல் எஸ்.பி.எம். எழுதுவார்கள். மலாய் கட்டாயப் பாடம். அதில் தேறாமல் சான்றிதழ் இல்லை. தமிழ் விருப்பப் பாடம். எடுக்காமல் போனால் யாரும் கேட்கப் போவதில்லை. முதலாம் ஆண்டின் பத்தாவது வாரத்தில் அறுந்த பாடத்தைக் கட்டி முடிக்க இவர்களுக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன. அதில் முதல் மாதங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன.